நேற்றைய கோலத்தை இன்று போடுவதில்லை

காலை ஆறு மணிக்குள் புனலூரிலிருந்து மதினியின் போன் வந்துவிடும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. “இன்னைக்கு சாவி” என்பார். சில நாள் “பச்சை மட்டும்”. ஒருநாள் “வாசல்ல யாரோட செருப்பு கிடக்கு?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவ்வளவுதான், அன்றைய தலைப்பு வந்தாயிற்று. ராத்திரி படுக்கப் போவதற்குள் நான் செங்கோட்டையில் என் ஸ்கிராப்புக்கில் ஒரு பக்கம், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூரில் அவர் தன்னுடையதில் ஒரு பக்கம், படமும் தாளும் ஒட்டி, எழுதி, தேதி போட்டு முடித்திருக்க வேண்டும். மறுநாள் தலைப்பு சொல்வது என் முறை.

2020-லிருந்து இப்படித்தான் போகிறது. ஓணத்துக்கு அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாள், மார்கழி முழுக்க தினம் ஒன்று. மார்கழிக்குச் சில வருடம் 29 நாள், சில வருடம் 30. மற்ற மாதங்களில் வாரம் ஒரு பக்கம் முடிந்தால் சரி.

தொடங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கல்யாணம் ஆனதும் மதினியின் ஊரான புனலூரிலேயே கடை வைத்துத் தங்கிவிட்டான். அந்தச் சமயம் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவில் ரயில் இல்லை. மீட்டர் கேஜ் பாதையை அகலமாக்குவதற்காக 2010-ல் நிறுத்தியவர்கள் 2018-ல்தான் மறுபடி விட்டார்கள். ரயில் வந்த பிறகு மாதம் ஒருமுறையாவது யாராவது மலையேறி வருவதும் போவதுமாக இருந்தோம். இரண்டே வருடம். கொரோனா வந்தது. ரயில் நின்றது, பஸ் நின்றது, எல்லையில் புளியரை செக்போஸ்டில் பாஸ் இல்லாமல் ஒரு பைக் தாண்ட முடியாது. ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற அண்ணன் மகளை அம்மா போனில் மட்டும்தான் பார்த்தார். அந்த வருடம் ஆகஸ்ட் 31 திருவோணம். வழக்கமாக நாங்கள் போய் நிற்கும் நாள். அத்தத்துக்கு முந்தின ராத்திரி மதினி சொன்னார்: “பூவுக்கு எங்க போறது? நான் பேப்பர்ல பூக்களம் போடப் போறேன். நீயும் உன் கடைப் பேப்பரை எடுத்துப் போடு. பத்து நாளும் போடணும், விடக் கூடாது.”

அத்தப் பூக்களத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓணத்துக்கு வாசலில் போடுகிற பூக்கோலம் அது. முதல் நாள் சின்னதாகத் தொடங்கி, நாளுக்கு நாள் பூவும் வட்டமும் கூடிக்கொண்டே போகும். திருவோணத்தன்று வாசல் நிறைந்துவிடும். நாங்களும் அப்படித்தான் வைத்துக்கொண்டோம். முதல் நாள் பக்கத்தில் ஒரு பொருள், இரண்டாம் நாள் இரண்டு. பத்தாம் நாள் பத்து பொருள்களை ஒரே பக்கத்தில் அடக்க வேண்டும். எட்டாம் நாளுக்கு மேல் விழி பிதுங்கிவிட்டது. ஆனால் பத்தும் முடித்தேன். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் தொடங்கி முடித்த முதல் நோட்டு அதுதான் என்பது பத்தாம் நாள் ராத்திரிதான் உறைத்தது.

அதற்கு முன்பும் எனக்கு ஸ்கிராப்புக் ஆசை இருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் எங்களுக்கு ஜெராக்ஸ் கடை, கல்யாணப் பத்திரிகை ஆர்டரும் எடுக்கிறோம். சிவகாசியிலிருந்து வருடா வருடம் புது மாதிரிகள் ஒட்டிய ஆல்பம் வரும். பழைய ஆல்பத்தில் உள்ள டிசைன்கள் நின்றுபோயிருக்கும். யாரும் கேட்க மாட்டார்கள், தூக்கிப் போடவும் மனசு வராது. தங்கக் கோடு போட்டது, மயில்கழுத்து நிறம், பூ வெட்டிய ஓரம், தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கிற அட்டை, எல்லாம் பீரோவில் கட்டுக்கட்டாகச் சேர்ந்தன. மகனின் முதல் பிறந்தநாள், குற்றாலம் போனது, அப்பா ரிட்டயர் ஆனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் செய்ய வேண்டும் என்று போட்டோவெல்லாம் கழுவி வைத்திருந்தேன். ஒன்றுகூடச் செய்யவில்லை. நல்ல போட்டோ, நல்ல பேப்பர், நல்ல நேரம் மூன்றும் சேரட்டும் என்று காத்திருந்தேன். மூன்றும் சேர்ந்த நாள் எனக்கு வரவே இல்லை.

தினம் ஒரு பக்கம் என்று வந்ததும் அந்தக் காத்திருப்பு உடைந்துபோனது. ஏன் உடைந்தது என்பதை நான் புரிந்துகொண்டது அந்த வருட மார்கழியில், அம்மாவைப் பார்த்து.

அம்மாவிடம் ஒரு கோல நோட்டு இருக்கிறது. அட்டை போய், நூல் தைத்து, அதுவும் போய், இப்போது ரப்பர் பேண்டில் நிற்கிறது. உள்ளே பென்சிலில் புள்ளி, மேலே பேனாவில் இழை. ஓரத்தில் “15-8 ஊடுபுள்ளி”, “பெரியம்மா சொன்னது”, “இதில் ஒரு இழை விட்டுப்போச்சு” என்று குறிப்புகள். மார்கழி மாதம் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அந்த நோட்டைத் திறந்து, நாளைக்கு எது என்று ஒருமுறை விரலால் போட்டுப் பார்ப்பார். காலை நாலரைக்கு வாசல் தெளித்தாகிவிடும். தெளித்த வாசல் காலியாகக் கிடக்கும், அதனால் கோலம் போடுவார். இன்று மனசு சரியில்லை, இன்று கற்பனை ஓடவில்லை என்று அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. கோடு கோணிய நாளும் உண்டு. செம்மண் கரை கட்டி, சாணி உருண்டையில் பறங்கிப்பூ செருகிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். மறுநாள் அதே இடத்தைப் பெருக்கிவிட்டு அடுத்தது.

முதல் மார்கழியில் பதினோராம் நாள் எனக்குக் காய்ச்சல். இரண்டு பக்கங்கள் விட்டுப்போயின. பதின்மூன்றாம் நாள் உட்கார்ந்து மூன்றையும் சேர்த்துச் செய்யப் பார்த்தேன். கை ஓடவில்லை. இத்தோடு விட்டுவிடலாம் என்ற நினைப்பும் வந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏட்டி, நேத்து கோலத்தை யாராவது இன்னைக்குப் போடுவாளா?” மூன்று மாதச் சேலஞ்ச், நூறு நாள் சேலஞ்ச் என்று ஆரம்பித்து நடுவில் நிற்கிற எல்லாரிடமும் இதைத்தான் நான் சொல்வேன். விட்ட நாள் விட்டதுதான். அந்தப் பக்கத்தில் தேதி மட்டும் போட்டு வெறுமையாக வைத்துவிட்டு இன்றைய பக்கத்துக்குப் போங்கள். என் ஆல்பத்தில் அந்த இரண்டு வெற்றுப் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் பின்னாளில் பாராசிட்டமால் அட்டையின் ஒரு துண்டை ஒட்டினேன்.

தலைப்புகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையின் உயிரே அதில்தான். எங்களுக்குள் நாலு வகை ஓடுகிறது. நிறம் சொல்வது ஒன்று. பொருள் சொல்வது ஒன்று, ‘இன்று நூல் இருக்கணும்’ என்பது மாதிரி. கட்டம் சொல்வது இன்னொன்று: இடது பக்கம் ஒரு உயரமான படம், வலது பக்கம் கீழே இரண்டு சின்னது, நடுவில் எழுத்து என்று ஒரு கோட்டுப் படம் வரைந்து அனுப்புவது. எங்கே வைப்பது என்ற யோசனையிலேயே பாதி ராத்திரி போய்விடும் ஆட்களுக்குக் கட்டம் பெரிய உதவி. இடம் முடிவாகிவிட்டதால் மனசு விஷயத்துக்குப் போகும். நாலாவது கேள்வி. இதுதான் எனக்குப் பிடித்தது. “இன்று வீட்டில் கேட்ட முதல் சத்தம் எது?” “அரிசி டப்பாவுக்குள்ளே என்ன ஒளிச்சு வச்சிருக்கே?” “உன் கையெழுத்து யாரோட கையெழுத்து மாதிரி?”

அழகான தலைப்பைவிடக் குறுகலான தலைப்பு நல்லது. ‘மகிழ்ச்சி’ என்று ஒருநாள் நான் கொடுத்தேன். இரண்டு பேருமே பூவும் பட்டாம்பூச்சியும் ஒட்டி முடித்தோம், இன்று அந்தப் பக்கத்தைப் பார்த்தால் எங்கள் வீடு எதுவும் அதில் இல்லை. ‘சாவி’ என்று மதினி சொன்ன நாளில் வீடு முழுக்கத் தேடி, எந்தப் பூட்டுக்கும் சேராத பதினோரு சாவிகளைச் சேர்த்தேன். அதில் ஒன்று தாத்தாவின் தகரப் பெட்டிச் சாவி என்று அப்பா அடையாளம் சொன்னார். பெட்டி போய் முப்பது வருடம் ஆகிறது. பதினோரு சாவிகளையும் ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடி மேல் பரப்பி ஒரு காப்பி எடுத்து, அதைப் பக்கத்தில் ஒட்டினேன். சாவிகள் கறுப்பில் எக்ஸ்ரே மாதிரி வந்தன. ஒவ்வொன்றின் கீழும் அப்பா சொன்னதை அப்படியே எழுதினேன். ‘தெரியல’ என்று சொன்னதற்குத் ‘தெரியல’ என்றே.

எழுத்து கண்டிப்பாக வேண்டும். அதுவும் கையால். வெறும் படம் மட்டும் உள்ள பக்கம் ஐந்து வருடத்தில் ஊமையாகிவிடும். யார், எங்கே, எந்த நாள், யார் என்ன சொன்னார்கள். பேசிய பேச்சை அப்படியே எழுதுங்கள். அம்மாவின் ‘ஏட்டி’யை ‘மகளே’ என்று மாற்றினால் அது அம்மா இல்லை. மதினி எழுதுவது மலையாளத்தில். அவர் வீட்டில் பேசுவது தமிழ், படித்தது மலையாள மீடியம். எனக்கு மலையாளத்தில் பஸ் போர்டு படிக்கிற அளவுதான் தெரியும். அதனால் நேரில் சந்திக்கும்போது ஒருவர் பக்கத்தை ஒருவர் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறோம்.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்பில் நான் செய்த ஸ்கிராப்புக் இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நாளிதழில் வெட்டிய தலைவர்கள் படம், தீப்பெட்டிப் படம், மிட்டாய்த் தாள். தீப்பெட்டிப் படங்கள் நன்றாக இருக்கின்றன. நாளிதழ் வெட்டியதெல்லாம் டீத்தூள் நிறம். தொட்டால் ஒடிகிறது. செய்தித்தாளை மரக்கூழிலிருந்து செய்யும்போது லிக்னின் என்ற பொருளைப் பெரிதாக நீக்குவதில்லை. வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாவதும் அமிலம் ஊறுவதும் அதனால்தான். அந்த அமிலம் பக்கத்தில் ஒட்டிய போட்டோவையும் சேர்த்துக் கெடுக்கும். அதனால் நாளிதழ்த் துண்டு வேண்டுமென்றால் நல்ல தாளில் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுகிறேன். அட்டை வாங்கும்போது ‘ஆசிட் ஃப்ரீ’ என்று போட்டிருக்கிறதா பார்க்கிறேன்.

மைதா பசையின் கதையும் அதே பெட்டியில் தெரிகிறது. பசை தடவிய இடங்களையெல்லாம் இராமபாணப் பூச்சி கோலம் போட்ட மாதிரி அரித்திருக்கிறது. பைண்டிங் செய்பவர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். புத்தக முதுகுக்கு அது சரி, போட்டோவுக்கு அருகில் வேண்டாம், அதுவும் அமிலம்தான். நான் க்ளூ ஸ்டிக்கும் டபுள் சைடு டேப்பும் வைத்துக்கொண்டேன். வெள்ளை கோந்து தடவினால் தாள் சுருங்கும், சாரல் மாதத்தில் கேட்கவே வேண்டாம். ஜூன், ஜூலையில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற ஈரக்காற்று எங்கள் ஊரில் துணியையே காய விடாது. ஒட்டின பக்கம் அப்பளம் மாதிரி வளையும். ஒட்டியதும் இரண்டு பக்கமும் வெள்ளைத் தாள் வைத்து, மாவு டின்னுக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்துவிடுவேன். செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் நான் விடுவதில்லை, எல்லாம் ஆல்பப் பெட்டிக்குள்.

ஒட்டுவதில் மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873-ல் தானாக ஒட்டும் ஸ்கிராப்புக்குக்குக் காப்புரிமை வாங்கினார். பக்கத்தில் முன்கூட்டியே பசை தடவிக் காயவைத்திருக்கும், ஸ்டாம்ப் மாதிரி ஈரம் பண்ணி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். மகள் வாங்கி வருகிற பூப்போட்ட வாஷி டேப் என்ற காகித டேப்புக்கு அந்த ஈரமும் வேண்டாம். அதை முதலில் பேர்போன பொருளாக்கிய ஜப்பானின் காமோய் கம்பெனி 1923-ல் ஈ ஒட்டும் தாள் செய்வதற்காகத் தொடங்கப்பட்டதாம். இன்றைய ஸ்கிராப்புக் பழக்கத்துக்கே ஒரு குடும்பம்தான் காரணம் என்பார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மேரிலென் கிறிஸ்டென்சன் என்ற பெண்மணி, தங்கள் குடும்பப் பக்கங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ரிங் ஃபைலில் கோத்து வைத்திருந்தார். 1980-ல் சால்ட் லேக் சிட்டியில் ஒரு மாநாட்டில் அவற்றைக் காட்டப் போய், எங்கே வாங்கினாய், எப்படிச் செய்தாய் என்று ஆட்கள் மொய்த்துவிட்டார்களாம். நாங்களும் ரிங் ஃபைல்தான். அங்கே பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அங்குலச் சதுரம் வழக்கம். எங்களுக்கு ஏ4 அட்டை போதும், கடையில் கிடைக்கிற அளவு, கடையில் கிடைக்கிற உறை. உறை வாங்கும்போது மட்டும் மோந்து பாருங்கள். புது ரெக்ஸின் மாதிரி நெடி அடித்தால் அது பிவிசி, போட்டோவுக்கு ஆகாது. பாலிபுரொப்பிலின் உறைக்கு அந்த நெடி இல்லை.

இன்னொன்று, நான் பட்ட பிறகு தெரிந்தது. மெஷினில் அடித்துக் கொடுக்கிற பஸ் டிக்கெட்டை அப்படியே ஒட்டாதீர்கள். அது சூடு பட்டால் கறுக்கிற தாள், மை கிடையாது. 2021-ல் தென்மலைக்குப் போன டிக்கெட்டை ஆசையாக ஒட்டினேன். இரண்டே வருடத்தில் வெறும் வெள்ளைத் துண்டு. கிடைத்த அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும்.

டிக்கெட் என்றதும் அந்தப் பக்கம் ஞாபகம் வருகிறது. என் ஆல்பத்தில் எதைக் காப்பாற்றுவாய் என்று கேட்டால் அதைத்தான் எடுப்பேன். “முதல் சத்தம்” என்ற தலைப்பு வந்த நாள். விடிகாலையில் எனக்குக் கேட்டது ரயில் ஹாரன். அப்பாவிடம் சொன்னதும், “இது என்ன சத்தம், மீட்டர் கேஜ் மலையேறும்போது கேட்டிருக்கணும்” என்றார். பெட்டியைத் திறந்து தடித்த அட்டை டிக்கெட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. ஓரத்தில் கத்தரித்த சின்னப் பள்ளம். பழுப்பு அட்டையில் எழுத்து பாதி தேய்ந்து, விரலால் தடவினால்தான் அச்சு அழுந்தின தடம் தெரிந்தது. பிறகு அவராகவே நிலையங்களைச் சொல்லத் தொடங்கினார். செங்கோட்டை, பகவதிபுரம், ஆரியங்காவு, எடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல், எடமண், புனலூர். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் குகை வரும், பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்துவார்கள் என்றார். கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம் வரும்போது, பஸ்ஸில் போகிறவர்கள் கீழே ரோட்டிலிருந்து கை காட்டுவார்களாம். 1904-ல் திறந்த பாதை. அப்பாவின் அப்பா புளி மூட்டையோடு கொல்லத்துக்குப் போனதும் அதே பாதைதான்.

டிக்கெட்டை ஒட்ட மனசு வரவில்லை. நாலு மூலைக்கும் பத்திரிகை அட்டையில் சின்ன முக்கோணம் வெட்டிச் செருகினேன், வேண்டும்போது எடுக்கலாம். ஒன்பது ஊர்ப் பெயரையும் பக்கத்தின் குறுக்கே ஒரு நூல் ஓட்டி அதன் மேல் எழுதினேன், நூல் மலையில் ஏறி இறங்கும். அப்பா ‘ஓ’ என்று கத்திக் காட்டியதை குகை இருக்கும் இடத்தில் பெரிய ‘ஓ’வாக வெட்டி ஒட்டினேன். முக்கால் மணி நேரம். இந்தப் பக்கத்தை எந்த நல்ல நாளுக்காகக் காத்திருந்தாலும் நான் செய்திருக்க மாட்டேன், அந்த டிக்கெட் இருப்பதே எனக்குத் தெரியாது.

இன்னொரு நாள் ‘பென்சில் மட்டும்’ என்றார் மதினி. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் மலைக்கு அந்தப் பக்கத்தோடுதான் இருந்தது. திருவிதாங்கூர் சங்கு முத்திரை போட்ட வளைவு இன்னும் ஊர் வாசலில் நிற்கிறது. ஆச்சியின் சுருக்குப்பையில் திருவிதாங்கூர் காலத்துச் சக்கரக் காசு ஒன்று கிடந்தது. மெல்லிய தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். மெதுமெதுவாகச் சங்கு எழும்பி வந்தது. ஆச்சியைக் கேட்டால், “இருபத்தெட்டு சக்கரம் ஒரு ரூவா, பதினாறு காசு ஒரு சக்கரம்” என்று வாய்ப்பாடு மாதிரி சொன்னார். அதையும் பென்சிலிலேயே எழுதிக்கொண்டேன். அன்று மதினியின் பக்கத்தில் இருந்தது என் அண்ணனின் மளிகைக் கணக்குத் துண்டுச் சீட்டு ஒன்று. காதில் செருகியிருக்கும் பென்சிலில் எழுதியது. ‘ப.மிளகாய்’ என்று அவன் எழுதுவது அப்படியே எங்கள் அப்பா எழுத்து.

நல்ல நாட்களைப் படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கல்யாண ஆல்பம் எங்கள் கடைக்கே வருகிறது, பார்க்கிறேன், எல்லா ஆல்பமும் ஒன்றுபோல இருக்கிறது. செவ்வாய்க்கிழமையை யாரும் எடுப்பதில்லை. காதில் செருகிய பென்சிலும், சேராத சாவியும், குகைக்குள் கத்தின சத்தமும் செவ்வாய்க்கிழமையில்தான் இருக்கின்றன. தினம் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் செவ்வாய்க்கிழமைக்குப் போயே ஆக வேண்டும், வேறு வழியில்லை. இதை நான் மனசார நம்புகிறேன்.

போன ஞாயிறு மதினி ரயிலில் வந்தார், ஃபைலைத் துணிப்பையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டு. சாப்பிட்டபின் திண்ணையில் இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தோம். ஒரே தேதி, ஒரே தலைப்பு, மலைக்கு இரண்டு பக்கம். ஓணத்தில் ஆறாம் நாள் தலைப்பு ‘வானம்’. அவர் பக்கத்தில் மழையில் நனைந்து ஊறின குடைத்துணியின் ஒரு கீற்று. என் பக்கத்தில் காற்றில் பறந்து வாசலில் விழுந்த ஒரு வேப்பிலை, மழை இல்லை. அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் மகள் மலையாளத்தை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அப்பா ரயில் பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு விரலால் நூலைத் தொட்டுக்கொண்டே போனவர், ஒற்றக்கல்லில் நிறுத்தி, “இங்க ஒருத்தர் கூடையில பலாச்சுளை விப்பார், அதை எழுதலையே” என்றார். இடம் இருந்தது. பேனாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.